ராஜகுமாரி லாட்ஜுக்கு இன்று விடுமுறை

ராஜகுமாரிக்குக் கோபம் வந்தால் வாயில் கோவில்பட்டி வந்துவிடும். மற்ற நேரமெல்லாம் 'சொல்றேன்', 'நடத்தறேன்' என்று ஆவடிக்கு அடங்கின மாதிரி பேசுகிறவள்தான். கோபத்தில் அது 'சொல்லுதேன்', 'நடத்துதேன்' ஆகிவிடும். அவள் வீட்டுக்காரர் பால்ராஜ் ஆவடி ராணுவ ஃபேக்டரியில் ஃபிட்டர். மிஷின் சத்தத்தில் பாதிக் காது போனவர். ஆனால் அந்த 'லுதே' மட்டும் எந்த ரூமிலிருந்து வந்தாலும் அவருக்குக் கேட்டுவிடும். உடனே பேப்பரை மடித்துவிட்டு எழுந்து நிற்பார்.

அன்றைக்கும் எழுந்து நின்றார்.

"ஒண்ணே ஒண்ணு சொல்லுதேன், கேட்டுக்கிடுங்க. இருபத்தஞ்சாவது கல்யாண நாளுக்கு எனக்குச் சேலை வேண்டாம், கம்மல் வேண்டாம். மெட்ராஸுக்குப் போயி ஒரு ராத்திரி ஓட்டல்ல தங்கணும். விடிஞ்சு எந்திரிச்சா யாராவது எனக்குக் காப்பி கொண்டாந்து தரணும். அம்புட்டுத்தான்."

"காப்பிதானே ராஜி, நான் போட்டுத் தர மாட்டேனா?"

அந்தக் கதை வேண்டாம். பால்ராஜ் ஒரு தடவை காபி போட்டிருக்கிறார். பால் எங்கே இருக்கு, வடிகட்டி எங்கே இருக்கு, அடுப்பு எந்தப் பக்கம் திருப்பணும் என்று கேட்டுக் கேட்டு, காய்ச்சலில் கிடந்தவளை எழுப்பி அடுப்படிக்கே வரவழைத்துவிட்டார். கடைசியில் இரண்டு பேருக்கும் அவள்தான் போட்டாள்.

ஒன்று சொல்ல வேண்டும், ராஜகுமாரி விருந்தாளியைக் கண்டு முகம் சுளிக்கிறவள் இல்லை. சுளிக்கிறவளாக இருந்திருந்தால் என்றைக்கோ பிழைத்திருப்பாள். கல்யாணமாகி ஃபேக்டரி குவார்ட்டர்ஸுக்குக் குடிவந்த வாரமே பால்ராஜின் பெரியப்பா ஒருவர் பல் பிடுங்க வந்து சேர்ந்தார். பல் ஒரே நாளில் போய்விட்டது, பெரியப்பா போகவில்லை. அதிலிருந்து இரண்டு பக்கத்துச் சொந்தமும் விடாமல் வந்துகொண்டே இருக்கிறது. கண் ஆபரேஷனா, ஆவடி. பேங்க் பரீட்சையா, ஆவடி. துபாய்க்கு ஃப்ளைட்டா, அதற்கும் ஆவடி. மீனம்பாக்கத்துக்கும் ஆவடிக்கும் என்னய்யா சம்பந்தம் என்று ஒருத்தராவது மேப்பைப் பார்த்திருக்க வேண்டுமே! கோவில்பட்டிக்காரர்களுக்கு மெட்ராஸ் என்றால் ராஜகுமாரி வீடு. எழும்பூரில் ரயில் நின்றதும் போன் வரும்: "மதினி, இறங்கிட்டோம்."

இருப்பது இரண்டு ரூம், ஒரு ஹால். வந்தவர்கள் அதில் பரவிவிடுவார்கள். ராஜகுமாரி அடுப்படியில் கேஸ் சிலிண்டர் பக்கத்தில் ஒருக்களித்துப் படுப்பாள். விடிந்தால் காபி. இவருக்குச் சர்க்கரை ஆகாது, அவருக்கு அரை ஸ்பூன், அந்தப் பிள்ளைக்குப் பால் மட்டும். "சக்கரை போதுமா, சக்கரை போதுமா" என்று ஹால் முழுக்கக் கேட்டுக்கொண்டே போவாள். எல்லோரும் குடித்து முடித்தபின் பாத்திரத்தின் அடியில் எது மிஞ்சுகிறதோ அது அவளுக்கு. சரி, அவள் ஊருக்குப் போனாலாவது விருந்தாளியாக உட்காரலாம் என்றால், "மெட்ராஸ்காரி வந்துட்டா, அவ கைச் சாம்பார் சாப்பிட்டு எம்புட்டு நாளாச்சு" என்று கரண்டியைக் கையில் கொடுத்துவிடுவார்கள். பாவி மனிதர்கள்.

அதனால்தான் அவளுக்கு அந்தக் காபி வேண்டியிருந்தது.

இதில் இரண்டு சிக்கல். முதல் சிக்கல், மகன் விஷ்ணு. பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை. ஒரு வார்த்தை சொன்னால் உட்கார்ந்த இடத்தில் ரூம் போட்டுக் கொடுத்துவிடுவான். ஆனால் ராஜகுமாரிக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. "வயசுப் பிள்ளைகிட்ட, அப்பாவும் அம்மாவும் ஓட்டல்ல ரூம் போடப் போறோம்னு எப்படிச் சொல்ல? அவன் என்ன நினைப்பான்?" என்று ஒரே பிடியாகச் சொல்லிவிட்டாள்.

இரண்டாவது சிக்கல் அவள் போட்ட கண்டிஷன். லாட்ஜ் என்று பேர் போட்ட இடத்து வாசற்படியை மிதிக்க மாட்டாளாம். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டு ஓரத்தில் ஒரு லாட்ஜ் இருந்தது. பள்ளிக்கூடத்துக்குப் போகும் பெண்பிள்ளைகள் அந்த இடம் வந்ததும் ரோட்டைத் தாண்டி எதிர்ப்பக்கம் நடக்க வேண்டும் என்று அவள் அம்மா உத்தரவு. உள்ளே என்ன நடக்கிறது என்று யாரும் சொன்னதில்லை, இவளும் கேட்டதில்லை. ஆனால் இன்றைக்கும் லாட்ஜ் போர்டைப் பார்த்தால் அவள் கால் தானாக எதிர்ப்பக்கம் போகும். "குடும்பம் போற இடமா இருக்கணும். அதான் எனக்கு வேணும்."

பால்ராஜ் போனை எடுத்துத் தானே தேட ஆரம்பித்தார். இரண்டு நாள் கழித்து முகமெல்லாம் பல்லாக வந்தார். "ராஜி, நமக்குன்னே ஒரு இடம் போட்டிருக்கான் பாரு. கப்பிள் ஃப்ரெண்ட்லி! நாம கப்பிள்தானே?"

நல்ல வேளை, பட்டனை அமுக்குவதற்குள் வேம்புலி வந்துவிட்டார். வேம்புலி ஃபேக்டரியில் பால்ராஜுக்குப் பக்கத்து மிஷின். அம்பத்தூரிலேயே பிறந்து வளர்ந்த ஆள். போனை வாங்கிப் பார்த்தவர் தலையில் அடித்துக்கொண்டார்.

"இன்னா மாமே, இத்தப் போயா புக் பண்ணிக்கினு கீறே? கப்பிள் ஃப்ரெண்ட்லின்னா இன்னான்னு தெரியுமா?" அடுப்படிப் பக்கம் பார்த்துக் குரலைத் தணித்தார். தணித்த குரலே மாடிப்படி வரைக்கும் கேட்டது. "கல்யாணம் ஆவாத ஜோடிங்க போற எடம் மாமே! ரெய்டு கிய்டு வந்தா உன்னியும் அண்ணியையும் சேத்து வண்டில ஏத்திகினு பூடுவான்."

அடுப்படியில் தட்டு ஒன்று விழுந்து வெகுநேரம் சுற்றியது.

"லாட்ஜும் வேணாம், இதுவும் வேணாம். பேசாம ஓட்டலுக்குப் போ" என்றார் வேம்புலி. "ஃபேமிலி ரூம் கீதான்னு கேளு. ஃபேமிலி ரூம்னு போர்டு வெச்சுட்டான்னா அங்க எவனும் வாலாட்ட முடியாது. எக்மோர்ல ஒண்ணு கீது மாமே, பெரிய ஓட்டல், ஏசி ஃபேமிலி ரூம் உண்டுன்னு இம்மாம் பெரிய போர்டு. பஸ்ல போசொல்லோ பாத்துக்கினேதான் போவேன்."

நம்பரையும் அவரே தேடிக் கொடுத்தார். பால்ராஜ் ஸ்பீக்கரில் போட்டுப் பேசினார். ராஜகுமாரி கையில் மாவோடு வந்து கதவோரம் நின்றுகொண்டாள்.

"ஃபேமிலி ரூம் இருக்குங்களா?"

"கீது சார்."

"ஏசியா?"

"ஃபுல் ஏசி சார்."

"சனிக்கிழமை சாயங்காலம் வர்றோம். ரெண்டு பேர். எப்ப காலி பண்ணணும்?"

"சாப்ட்டு முடிச்சாப் போதும் சார். நம்மகிட்ட ஒண்ணும் அவசரம் இல்ல."

"காலை டிபன் உண்டா?"

"இட்லி, பொங்கல், பூரி எல்லாம் கீது சார். காப்பி ஃபர்ஸ்ட் கிளாஸா இருக்கும்."

காபி என்றதும் ராஜகுமாரி கதவைப் பிடித்துக்கொண்டாள். பால்ராஜ் போனை வைத்துவிட்டு, "கேட்டியா, என்ன மரியாதை! காலையில டிபன் சாப்பிட்டு நிதானமா கிளம்பலாமாம். பெரிய ஓட்டல்னா சும்மாவா?" என்றார். வேம்புலி சட்டைக் காலரைத் தூக்கிவிட்டுக்கொண்டார்.

சனிக்கிழமை சூட்கேஸ் கட்டினாள். புது நைட்டி, இரண்டு துண்டு, சோப்பு, அங்கே போர்வை எப்படி இருக்குமோ என்று வீட்டிலிருந்தே ஒன்று. பழக்க தோஷத்தில் ஃப்ளாஸ்க்கையும் கையில் எடுத்துவிட்டாள். கொஞ்ச நேரம் அதைப் பார்த்தபடி நின்றாள். பிறகு அலமாரியில் வைத்துக் கதவைச் சாத்தினாள். ஃப்ளாஸ்க் இல்லாமல் அவள் ஊர் தாண்டுவது அதுதான் முதல் தடவை.

எதிர் வீட்டு சபீனா படியில் நின்று கேட்டாள். "எங்கக்கா, ஊருக்கா?"

"மெட்ராஸுக்கு."

ஆவடியில் எல்லோரும் அப்படித்தான் சொல்வார்கள். கவர்மென்ட் கணக்கில் என்ன சொன்னாலும் சரி, ஆவடிக்காரர்களுக்கு மெட்ராஸ் என்பது அம்பத்தூர், வில்லிவாக்கமெல்லாம் தாண்டி, பேசின் பிரிட்ஜ் பக்கத்தில் மின்சார ரயில் நின்று யோசித்துவிட்டுப் போய்ச் சேருகிற வேறு ஊர்.

"மெட்ராஸுக்கு எதுக்குக்கா சூட்கேஸு?"

"தங்கப் போறோம்."

"தங்கறதா! யார் வீட்ல?"

"யார் வீட்லயும் இல்ல" என்றாள் ராஜகுமாரி. அந்த மூன்று வார்த்தையைச் சொன்னபோது அவளுக்கு இருந்த சந்தோஷத்தை என்னவென்று சொல்ல? சபீனாவிடம் வீட்டுச் சாவியைக் கொடுத்துவிட்டுப் படி இறங்கும்போது அவள் நடையே மாறிப் போயிருந்தது.

எழும்பூர் ஓட்டல் வேம்புலி சொன்ன மாதிரியே பெரிதாக இருந்தது. வாசலில் ஒரே கூட்டம், நெய் வாசனை. உள்ளே நுழைந்ததும் ஒருத்தர், "ஃபேமிலியா? மேல போங்க" என்றார். பால்ராஜ் சூட்கேஸைத் தூக்கிக்கொண்டு முன்னால் ஏறினார். மேலே ஏசி ஜில்லென்று இருந்தது. மரத் தடுப்பு வைத்த சின்னச் சின்ன அறைகள். ஒன்றைக் காட்டிவிட்டு அந்த ஆள் போய்விட்டார். உள்ளே ஒரு மேஜை, இரண்டு பக்கமும் சோபா மாதிரி பெஞ்சு, ஒரு திரை.

ராஜகுமாரி நாலு பக்கமும் பார்த்தாள். "ஏங்க, கட்டில் எங்க?"

"பெரிய ஓட்டல்ல முதல்ல உட்கார ஒரு இடம் வச்சிருப்பான். படுக்கிற ரூமு தனியா இருக்கும்" என்றார் பால்ராஜ், எத்தனையோ ஓட்டல் பார்த்தவர் மாதிரி. "நீ முகம் கழுவிட்டு ரெஸ்ட் எடு."

அவளும் செருப்பைக் கழற்றி ஓரமாக விட்டாள். சூட்கேஸைத் திறந்து துண்டை எடுத்துத் தோளில் போட்டாள். சோப்பை எடுத்து மேஜைமேல் வைத்தாள். பெஞ்சில் காலை நீட்டி, பின்னலை அவிழ்த்துவிட்டுக்கொண்டு, 'அப்பாடா' என்று சாய்ந்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையை விலக்கிக்கொண்டு சர்வர் வந்தார். துண்டைப் பார்த்தார். சோப்பைப் பார்த்தார். அவிழ்ந்த தலையைப் பார்த்தார்.

"இன்னா சார் சாப்புடறீங்க?"

"சாப்பாடு அப்புறம்ப்பா. முதல்ல குளிக்கணும். வெந்நீர் வருமா?"

"குடிக்கவா சார்?"

"குளிக்கப்பா, குளிக்க."

சர்வர் இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தார். "கை கழுவ அந்தாண்ட பேசின் கீது சார்" என்றார், ரொம்ப ஜாக்கிரதையாக.

பக்கத்துத் தடுப்பிலிருந்து, "ரெண்டு நெய் ரோஸ்ட் சொன்னேனே, என்ன ஆச்சு?" என்று ஒரு சத்தம் வந்தது. ராஜகுமாரிக்கு அப்போதுதான் உறைத்தது. கால்களை மடக்கி, துண்டை மடக்கி, சோப்பை முந்தானைக்குள் மறைத்தாள். "ஏங்க, இது சாப்பிடற ரூமுங்க" என்றாள். அவள் குரலே அவளுக்குக் கேட்கவில்லை.

பால்ராஜுக்கு இன்னும் ஏறவில்லை. "சாப்பிட்டு முடிச்சுட்டு?" என்று சர்வரைக் கேட்டார்.

"முடிச்சுட்டு இன்னா சார், வீட்டுக்குப் போவ வேண்டியதுதான்!"

சர்வர் நல்ல மனுஷர். சிரிப்பை அடக்கிக்கொள்ள வெளியே போய், கொஞ்ச நேரம் கழித்து இவர்களுக்கும் இரண்டு ரோஸ்ட்டோடு வந்தார். பால்ராஜ் தலை நிமிராமல் சாப்பிட்டார். ராஜகுமாரி ரோஸ்ட்டைப் பிய்த்துப் பிய்த்துத் தட்டின் ஓரத்தில் வைத்தாள். இருபத்தைந்து வருஷத்துக்கு ஒரு தடவை வாயைத் திறந்து கேட்டேன், அதுவும் தோசையாப் போச்சே என்று நினைத்ததும் அழுகை முட்டியது.

"ராஜி, பேசாம வீட்டுக்கே போயிரலாமா?"

"நான் வரலை. நீங்க போங்க. நான் பிளாட்பாரத்துல படுத்தாலும் படுப்பேன், இன்னைக்கு அந்த வீட்டுக்கு வர மாட்டேன், சொல்லுதேன்."

பால்ராஜ் எழுந்து நின்றார்.

சர்வரும் கூடவே நின்றிருந்தார். "பக்கத்துத் தெருவுல சண்பகா லாட்ஜ் கீதும்மா. பேருதான் லாட்ஜ். ஃபேமிலிங்க மட்டுந்தான் தங்கறாங்க. நான் சொன்னேன்னு சொல்லாதீங்க, போய்க் கேட்டுப் பாருங்க."

சண்பகா லாட்ஜ் போர்டு தெரிந்ததும் ராஜகுமாரியின் கால் எதிர்ப்பக்கம் போய்விட்டது. பால்ராஜ் சூட்கேஸோடு வாசலில் நின்றுகொண்டு ரோட்டுக்கு அந்தப்புறம் இருந்தவளைப் பார்த்துக் கையை ஆட்டினார். நாலு பெண்பிள்ளைகளோடு ஒரு குடும்பம் உள்ளே போவதைப் பார்த்த பிறகுதான் அவள் ரோட்டைத் தாண்டினாள். வாசற்படியில் நின்று, "அம்மா, மன்னிச்சுக்க" என்று கோவில்பட்டித் திசையைப் பார்த்துச் சொல்லிவிட்டு வலது காலை எடுத்து வைத்தாள்.

கவுண்டரில் மூக்கு நுனியில் கண்ணாடி போட்ட மேனேஜர். ஆதார் கார்டை வாங்கிப் பார்த்தவர் அப்படியே திருப்பி வைத்தார்.

"ஆவடியா? லோக்கலுக்கு ரூம் தர்றதில்லைங்க."

"ஏன் சார்?"

"லோக்கல் ஆளுக்கு வீடு இருக்கு. வீட்டை விட்டுட்டு எதுக்கு ரூம் கேக்கணும்? ஒண்ணு வீட்ல சண்டையா இருக்கணும், இல்லேன்னா..." ராஜகுமாரியின் தாலியைப் பார்த்து மீதியை விழுங்கினார். "ரெண்டு பேரும் சேந்து இருக்கிற போட்டோ ஏதாவது இருந்தாக் காட்டுங்க. ஓனர் கேப்பார்."

இதென்ன பெரிய விஷயம் என்று பால்ராஜ் போனை எடுத்தார். பொங்கல் போட்டோ, கிறிஸ்துமஸ் போட்டோ, வீட்டுக்கு வந்தவர்களோடு ஹாலில் எடுத்த போட்டோ என்று தள்ளிக்கொண்டே போனார். எல்லாவற்றிலும் நடுவில் பால்ராஜ் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சுற்றிலும் சொந்தக்காரர்கள்.

"இதுல அம்மா எங்க?" என்றார் மேனேஜர்.

பால்ராஜ் இன்னும் தள்ளினார். நெற்றி வேர்த்துவிட்டது. ஒரே ஒரு போட்டோவில் ஓரமாக ஒரு கை தெரிந்தது. வளையல் போட்ட கை, வடைத் தட்டோடு. பால்ராஜ் அதைப் பெரிதாக்கிக் காட்டி, "இதுதான் சார், என் சம்சாரம்" என்றார்.

மேனேஜர் அந்தக் கையைப் பார்த்தார். ராஜகுமாரியும் எட்டிப் பார்த்தாள். அவ்வளவுதான், கோவில்பட்டி வந்துவிட்டது.

"யாரைப் பாத்து லோக்கலுங்கீக? இம்புட்டு வருசத்துல ஒருத்தர் என்னை லோக்கல்னு சொன்னதில்ல. ஆவடியில கோவில்பட்டிக்காரிங்காக. ஊருக்குப் போனா மெட்ராஸ்காரிங்காக. ஒரு ராத்திரி தங்க இடம் கேட்டா மட்டும் நான் லோக்கலா? நானும் லாட்ஜ்தான்யா நடத்துதேன் ஆவடியில! இருபத்தஞ்சு வருசமா! இன்னைக்கு ஒரு நாள் லீவு விட்டுட்டு வந்துருக்கேன், அது பொறுக்கலையா?"

மேனேஜர் நிமிர்ந்து உட்கார்ந்தார். "அட, நம்ம லைனா! முதல்லயே சொல்லக் கூடாதாம்மா? எத்தனை ரூம்?"

"ரெண்டு ரூமு, ஒரு ஹாலு."

"சின்னதா வச்சிருக்கீங்க. ஆளு வருதா?"

"ஒரு நாள் காலியா இருந்ததில்ல."

"பரவாயில்லையே! சாப்பாடு?"

"மூணு வேளையும். ஊருக்குப் போறப்போ கட்டுச்சோறு."

"செக் அவுட் எத்தனை மணிக்கு வச்சிருக்கீங்க?"

"அவுகளா மனசு வச்சுக் கிளம்பினாத்தான்."

மேனேஜர் பேனாவைக் கீழே வைத்தார். "வேலைக்கு எத்தனை பேர்?"

"நான் ஒருத்திதான்."

"வாடகை எவ்வளவும்மா போடறீங்க?"

"நல்லபடியா ஊர் வந்து சேந்துட்டோம்னு ஒரு போன் பண்ணுவாக. அதுவும் சில பேரு பண்ண மாட்டாக."

எந்த இடத்தில் அந்த மனுஷருக்குப் புரிந்தது என்று யாருக்கும் தெரியாது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பால்ராஜை ஒரு பார்வை பார்த்தார். பால்ராஜ் சுவரில் மாட்டியிருந்த காலண்டரில் நல்ல நேரம் படித்துக்கொண்டிருந்தார். மேனேஜர் பின்னால் திரும்பி ஆணியிலிருந்து ஒரு சாவியை எடுத்து வைத்தார்.

"ரெண்டாவது மாடி, ரோட்டைப் பாத்த ரூம். நம்ம லைன் ஆளுக்கு ரூம் இல்லேன்னு சொன்னா நாளைக்கு நமக்கு யாரும்மா தருவா?"

விடிகாலையில் வழக்கம்போல ராஜகுமாரிக்கு முழிப்பு வந்துவிட்டது. எழுந்தாள். போர்வையை மடித்தாள். மேஜையைத் துடைத்தாள். ரூம் முழுக்கத் துடைப்பத்தைத் தேடினாள், இல்லை. அதற்கு மேல் என்ன செய்வதென்று தெரியவில்லை. கட்டில் ஓரத்தில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தாள். பால்ராஜ் சொந்த வீடு மாதிரி குறட்டை விட்டுக்கொண்டிருந்தார்.

ரூம் போன் அடித்தது. "குட்மார்னிங்மா. காபி அனுப்பட்டுமா?" என்றார் மேனேஜர்.

"அனுப்புங்க" என்றாள். அந்த ஒரு வார்த்தையைச் சொல்லத்தான் இத்தனை பாடு.

"சக்கரை எத்தனை ஸ்பூன் போடச் சொல்லட்டும்?"

ராஜகுமாரி வாயைத் திறந்தாள். மற்றவர்கள் கணக்குத்தான் வரிசையாக வந்தது. பால்ராஜுக்கு ஒன்றரை. விஷ்ணுவுக்கு மூன்று. பல் பிடுங்கிய பெரியப்பாவுக்கு நாலு, அவர் பொண்டாட்டிக்குத் தெரியாமல் ஐந்து. கோவில்பட்டியில் பாதிப் பேருக்கு எத்தனை ஸ்பூன் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். தனக்கு?

"தெரியலையே சார்" என்றாள்.

"சக்கரையைத் தனியா அனுப்பறேன்மா. போட்டுப் பாத்துச் சொல்லுங்க."

காபி வந்தது. டபரா, டம்ளர், தனிக் கிண்ணத்தில் சர்க்கரை. ஒரு ஸ்பூன் போட்டுக் குடித்துப் பார்த்தாள். ம்ஹூம். இன்னொன்று போட்டாள். நாக்கில் பட்டதும் கண்ணை மூடிக்கொண்டாள். இதுதான். இரண்டு ஸ்பூன். இத்தனை வயசுக்குப் பிறகு இன்றைக்குத்தான் தெரிகிறது, தனக்கு இரண்டு ஸ்பூன் என்று. அழுதுவிட்டாள். சந்தோஷமா துக்கமா என்று கேட்டால் அவளுக்கே சொல்லத் தெரியாது. காபி ஆறுவதற்குள் அழுது முடித்துவிட்டு, டம்ளரோடு ஜன்னல் ஓரம் போய் நின்றாள்.

அப்போது அவள் செல்போன் அடித்தது. அனுசுயா. பால்ராஜின் சித்தப்பா மகள்.

"மதினி, இறங்கிட்டோம்! திடீர்னு கிளம்பிட்டோம், சொல்ல நேரமில்ல. தி.நகர்ல துணி எடுக்கணும். இவுகளும் பிள்ளைகளும் கூட வந்துருக்காக. காப்பிக்கு வீட்டுக்கு வந்துருவோம்."

ராஜகுமாரி கீழே பார்த்தாள். ரோட்டுக்கு எதிர்ப்பக்கம், டீக்கடை ஓரமாக, நாலு பையும் புருஷனும் இரண்டு பிள்ளைகளுமாக அனுசுயா போனைக் காதில் வைத்துக்கொண்டு நின்றுகொண்டிருந்தாள். ராஜகுமாரி சட்டென்று திரைக்குப் பின்னால் நகர்ந்தாள். கையில் காபி பாதி மிச்சம் இருந்தது. பழக்கத்தில், 'வாங்க வாங்க' என்று சொல்ல நாக்கு எழும்பிவிட்டது. அதை ஒரு மடக்குக் காபியோடு உள்ளே தள்ளினாள்.

"நாங்க வீட்ல இல்ல அனுசுயா. ஊருக்கு வந்துருக்கோம்."

"ஐயையோ! எந்த ஊருக்கு மதினி?"

"மெட்ராஸுக்கு."

கீழே அனுசுயா போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்துவிட்டு மறுபடி வைத்தாள். "மெட்ராஸ்லதானே மதினி இருக்கீக?"

"நான் ஆவடியிலல்லா இருக்கேன்" என்றாள் ராஜகுமாரி. "கவலைப்படாத. நீ நிக்கிற இடத்துக்கு நேரெதிர சண்பகா லாட்ஜ்னு ஒண்ணு இருக்கு பாரு. பேரைப் பாத்து மிரளாத, குடும்பம் தங்கற இடந்தான். உனக்கு வெளியூர் ஆதார், உடனே ரூம் குடுப்பாக."

"நான் நிக்கிற இடம் உங்களுக்கு எப்படி மதினி..."

போனை வைத்துவிட்டாள். பால்ராஜ் புரண்டு படுத்து, கண்ணைத் திறக்காமலே, "ராஜி, எனக்கு ஒரு காப்பி" என்றார்.

"போன் அந்தா இருக்கு. சொல்லிக்கிடுங்க."

ஆனால் அதற்கு முன்னால் அவளே அதை எடுத்தாள்.

"சார், ராஜகுமாரி பேசுதேன். எங்க லாட்ஜுக்கு ஒரு பார்ட்டி வந்துருக்கு. எங்களுக்கு இன்னைக்கு லீவுல்லா, அதான் உங்ககிட்ட அனுப்புதேன். நாலு பேரு, லோக்கல் இல்ல. ரூமு கீழயே பாத்துக் குடுங்க, ரெண்டாவது மாடிக்கு மட்டும் விட்டுராதீக."

"புரியுதும்மா, நான் பாத்துக்கறேன்."

"அப்புறம், எனக்கு இன்னொரு காப்பி. ரெண்டு ஸ்பூன் சக்கரை."